வியர்க்காத பயிற்சி எதற்கு? பாதுவான்ஜின் பற்றி ஒரு விவாத இழை

மார்ச் 3, மாலை 6.15 (கேள்வி)

சீனாவில் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவம் முழுக்க உடற்பயிற்சி வகுப்பில் பாதுவான்ஜின் வைத்திருக்கிறார்கள், மெதுவாகச் செய்யும் எட்டு அசைவு கொண்ட பழைய சீனப் பயிற்சி. 12 நிமிஷம் கையைத் தூக்கி இறக்கினால் முடிந்தது. வியர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. பூங்காவில் தாத்தா பாட்டிகள் செய்வதை 20 வயதுக்காரனுக்கு ஏன் வைக்கிறார்கள்? ஏப்ரல் கடைசியில் பண்பாட்டு விழா வேறு. வெளிநாட்டு மாணவர்கள் நாங்களே இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். தலைப்பு, இளையோருக்கான அன்றாட நல்ல பழக்கங்கள். என்னைக் கேட்டால் இது சடங்கு, உடற்பயிற்சி இல்லை. தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10.40

தம்பி, தொடை எரிகிறதா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

ஏழாவது அசைவை எடுத்துக்கொள்ளுங்கள், முஷ்டி பிடித்து முறைத்துப் பார்ப்பது. இரண்டு பாதங்களுக்கும் நடுவே உங்கள் பாத நீளத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். பாதவிரல்கள் நேராக முன்னே பார்க்கட்டும். உயரமான முக்காலியின் விளிம்பில் உட்காருவது போல இறங்குங்கள். முழங்கால் பாதவிரல் நுனியைத் தாண்டக் கூடாது, உள்பக்கமாகவும் சாயக் கூடாது. வால் எலும்பு தரையைப் பார்க்க வேண்டும். புட்டம் பின்னால் துருத்தினால் பளு தொடையை விட்டுவிட்டு அடிமுதுகில் ஏறும். இதுதான் மாபு, குதிரை நிலை. நிமிராமல் அதே நிலையில் இடம் வலமாக மாற்றி மாற்றி ஆறு குத்து, ஒவ்வொன்றும் பத்து நொடிக்கு மேல். ஆறாவது முடியும்போது தொடை நடுங்கவில்லை என்றால் நீங்கள் உட்காரவே இல்லை, நின்றுகொண்டுதான் குத்தியிருக்கிறீர்கள்.

12 நிமிஷம், எட்டு அசைவு, அசைவுக்கு ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தை மெதுவாகக் கடப்பதில்தான் வேலையே இருக்கிறது. வேகமாகச் செய்தால் கை தன் எடையிலேயே ஊஞ்சல் போல வந்துபோகும், தசைக்கு வேலை இல்லை.

மார்ச் 4, காலை 7.05

நேற்றுக் கணக்குப் போட்டது சரியில்லை. 12 நிமிஷத்தில் தொடக்க நிலையும் முடிவு நிலையும் சேர்ந்துதான் வருகின்றன. எட்டாவது அசைவு மற்றவற்றைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் சமமாக ஒன்றரை நிமிஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியோடு போடும் இசையில் வரும் குரலைப் பின்பற்றினால் போதும்.

எத்தனை தடவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இட வலம் உள்ள அசைவுகள் பக்கத்துக்கு மூன்று. இரண்டு கையும் சேர்ந்து செய்யும் முதலாவதும் ஆறாவதும் ஆறு தடவை. எட்டாவது மட்டும் ஏழு.

மார்ச் 4, மதியம் 1.20 (கேள்வி கேட்டவர்)

தொடை எரியவில்லை. இன்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், முழங்கால் வளையவே இல்லை. சரி. ஆனால் ஒழுங்காகச் செய்தால் ஓடத் தேவையில்லை என்று ஆசிரியர் சொல்கிறாரே, அது உண்மையா?

மார்ச் 4, இரவு 9.50

இல்லை. ஓடுங்கள்.

உலக சுகாதார அமைப்பு 18 வயது கடந்தவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி. அதாவது பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு ஏற வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பளு. பள்ளிப் பிள்ளைகளுக்கு, 5 முதல் 17 வயது வரை, நாளுக்கு 60 நிமிஷம். பாதுவான்ஜின் இந்தக் கணக்கில் மூச்சுப் பகுதியை நிரப்பாது. நிதானமாக நடக்கும் அளவு உழைப்புதான் அதில் இருக்கிறது. தூக்கம், உடல் சமநிலை, இரத்த அழுத்தம் பற்றி நல்ல முடிவு சொல்லும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் வயதானவர்களையும் நோயாளிகளையும் வைத்துச் செய்தவை, பலவும் சிறியவை. மேடையில் பேசும்போது இதை மறைக்காதீர்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் மருத்துவ மாணவர்கள்.

20 வயதுக்கு இதனால் கிடைப்பது வேறு. எட்டு மணி நேரம் நாற்காலி, நான்கு மணி நேரம் கைப்பேசி. தோள் முன்னால் சுருண்டு, கழுத்து முன்னே நீண்டு, தொடையின் பின்பக்கத் தசை குறுகிப்போன உடம்பு. அந்த உடம்பை எல்லாத் திசையிலும் ஒருமுறை திறந்து மூட 12 நிமிஷம் போதும். உடை மாற்ற வேண்டாம், விரிப்பு வேண்டாம், இரண்டு கட்டிலுக்கு நடுவே உள்ள இடம் போதும். விடுதிக்கு இதைவிடப் பொருந்துகிற ஒன்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 6, இரவு 11.00

சடங்கு என்ற சொல்லுக்கு வருகிறேன். அசைவுகளின் பெயரைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். பா என்றால் எட்டு, துவான் என்றால் துண்டு, ஜின் என்றால் சரிகை நெய்த பட்டு. எட்டுத் துண்டும் தனித்தனி நெசவு, சேர்த்துப் பார்த்தால் ஒரே பட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஏழு எழுத்தில் ஒரு வரி உண்டு, பாட்டாகவே மனப்பாடம் செய்வார்கள். பெரும்பாலும் முன் பாதி அசைவைச் சொல்லும், பின் பாதி அது எதற்கு என்று சொல்லும். ஓரிரண்டில் இது தலைகீழாக வரும்.

இரு கையால் வானத்தைத் தாங்கு, மூன்று ஜியாவைச் சீராக்கு. இட வலம் வில்லை வளை, கழுகை எய்வது போல. மண்ணீரலும் இரைப்பையும் சீராக ஒற்றைக் கையைத் தூக்கு. ஐந்து உழைப்பு ஏழு காயம், பின்னால் திரும்பிப் பார். தலையை அசை வாலை ஆட்டு, இதயச் சூட்டை நீக்கு. இரு கையால் பாதத்தைப் பிடி, சிறுநீரகமும் இடுப்பும் உறுதியாகட்டும். முஷ்டி பிடித்து முறை, பலம் கூட்டு. பின்னே ஏழு குலுக்கு, நூறு நோய் ஓடும்.

நான்காவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஐந்து உழைப்பு எவை என்பதற்கு ஒரு பழைய பட்டியலைக் காட்டுவார்கள். ஹுவாங்தி நெய்ஜிங் என்னும் பழஞ்சீன மருத்துவ நூலில் உள்ளது. நெடுநேரம் பார்ப்பது இரத்தத்துக்குக் கேடு, நெடுநேரம் படுப்பது உயிர்மூச்சுக்குக் கேடு, நெடுநேரம் உட்காருவது சதைக்கு, நிற்பது எலும்புக்கு, நடப்பது தசைநாருக்கு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் திரையைப் பார்ப்பதும் நாற்காலியில் உட்காருவதும் படுத்தே கிடப்பதும் இருக்கின்றன. விழாவில் வேறு எதுவும் சொல்ல நேரம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். இளைஞர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மூன்று ஜியா, சீனத்தில் சன்ஜியாவ், உடற்கூறு மேஜையில் அறுத்துக் காட்டும் உறுப்பு கிடையாது. மார்பு, மேல் வயிறு, அடிவயிறு என்று உடம்பின் மூன்று அறைகளைச் சேர்த்துச் சொல்லும் பழைய கருத்து. அதைத் தேடி உடற்கூறு நூலைப் புரட்ட வேண்டாம், பொய் என்று தூக்கியெறியவும் வேண்டாம். கையை மேலே தள்ளும்போது அந்த மூன்று அறையும் இழுபடுவதை உடம்பிலேயே உணரலாம். பெயர் வைத்தவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 7, காலை 6.50 (வேறொரு வாசகர்)

யுவே ஃபெய் என்ற தளபதி தன் படைவீரர்களுக்காக உருவாக்கியது என்று படித்தேன். அதையும் மேடையில் சொல்லலாமே?

மார்ச் 7, மாலை 5.30

கதை என்று சொல்லித்தான் சொல்ல வேண்டும். யுவே ஃபெய் பிறந்தது 1103. ஹுங் மாய் என்ற சுங் வம்ச காலத்து எழுத்தாளர் தன் தொகுப்பில் ஒரு அதிகாரியைப் பற்றி எழுதுகிறார். 1117ஆம் ஆண்டு, அந்த மனிதர் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டு, உடம்பைத் தேய்த்துவிட்டு, பாதுவான்ஜின் என்று சொல்லப்படுவதைச் செய்வார் என்று. அப்போது யுவே ஃபெய்க்கு வயது 14தான். பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்கிறது. அந்தக் குறிப்பில் இருப்பது உட்கார்ந்து செய்யும் வகை என்பதையும் கவனியுங்கள். நின்று செய்யும் வகை சுங் காலத்திலேயே எழுத்தில் வந்துவிட்டது. இன்று எல்லாரும் செய்வது அதன் வழி வந்தது.

இன்னும் பின்னால் போனால் மவாங்துய். ஹுனான் மாகாணம் சாங்ஷாவில் 1973-74இல் தோண்டிய மூன்றாம் கல்லறை, கி.மு. 168இல் மூடப்பட்டது. அதில் கிடைத்த ஒரு பட்டுத் துணியில் 44 மனித உருவங்கள் உடற்பயிற்சி நிலைகளில் வரையப்பட்டிருக்கின்றன. ஆணும் பெண்ணும் உண்டு, ஒருவர் கோல் பிடித்துக் குனிந்திருக்கிறார். அது பாதுவான்ஜின் இல்லை, அதன் மூதாதை. படத்தைத் திரையில் போட்டுக்காட்டுங்கள், பேச்சைவிட அது வேலை செய்யும்.

நீங்கள் வகுப்பில் கற்கும் வடிவம் புதியது. சீன விளையாட்டுத் தலைமை நிர்வாகம் பழைய வகைகளை ஒப்பிட்டுச் சீராக்கி 2003இல் வெளியிட்ட நான்கு பயிற்சிகளில் ஒன்று. மற்ற மூன்று ஈஜின்ஜிங், லியூசிஜுவே, பிறகு புலி மான் கரடி குரங்கு பறவை என ஐந்து விலங்குகளின் ஆட்டமான ஊச்சின்ஷி.

மார்ச் 9, இரவு 10.15

கேட்டவர் தன் பயிற்சியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். பார்த்ததில் நான்கு பிழை. எல்லாரும் செய்யும் பிழைகள்தான், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலாவது அசைவில் விரல்களைக் கோத்து நெஞ்சு வரை தூக்கி, உள்ளங்கையைத் திருப்பி மேலே தள்ளுகிறோம். தள்ளும்போது கண் கையைத் தொடர்ந்து மேலே போகும். முழங்கை நேரான பிறகு தாடையை உள்ளே இழுத்துப் பார்வையை நேரே கொண்டுவந்து, அந்த நிலையில் இரண்டு நொடி நிற்க வேண்டும். தம்பி தாடையை இழுக்காமல் அண்ணாந்தே நிற்கிறார். அந்த இரண்டு நொடியில்தான் பிடரி நீள்கிறது. அதை விட்டால் அசைவில் பாதி போயிற்று.

இரண்டாவது, வில். வில் பிடிக்கும் கையில் கட்டை விரலும் சுட்டு விரலும் விரிந்து செங்கோணமாக, மற்ற மூன்று விரல்களும் மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டை நிமிர்த்தி உள்ளங்கையை வெளியே தள்ளினால் முன்கை முழுக்க இழுபடும். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த ஒரு இழுப்பே பெரிய உதவி. நாண் இழுக்கும் கை நகம் போல வளைந்து தோளுக்கு முன்னே நிற்கும். அந்தப் பக்கத் தோள் காதைத் தொடப் போவதுதான் பிழை.

நான்காவதில் இடுப்பு திரும்புகிறது. தலை மட்டுமே திரும்ப வேண்டும். கையை வெளிப்பக்கம் முறுக்கி உள்ளங்கை வெளியே பார்க்க, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் நெருங்க, மார்பு நேராக முன்னே இருக்கட்டும். கண் பின்பக்க மூலையைத் தேடட்டும். இடுப்பைத் திருப்பினால் பின்னால் நன்றாகத் தெரியும், ஆனால் கழுத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆறாவது. இதில்தான் காயம் வரும். கையை மேலே தூக்கி, மார்பு முன்னே இறக்கி, அக்குள் வழியாகப் பின்னால் கொண்டுபோய், முதுகெலும்பின் இரு பக்கமும் தடவிக்கொண்டே புட்டம், தொடையின் பின்பக்கம், கணுக்கால் வரை போய், பாதத்தின் வெளி விளிம்பைச் சுற்றி மேல்பாதத்தில் கையை வைக்கிறோம். முழங்கால் நேராக இருக்க வேண்டும். கை எட்டாவிட்டால் கெண்டைக்காலில் நிறுத்துங்கள், முழங்காலை மடக்கித் தொடாதீர்கள். எழும்போது முதலில் கை தரையோடு முன்னே நீள வேண்டும், கை இழுக்க உடம்பு பின்னாலேயே வர வேண்டும். முதுகை முதலில் தூக்கிக் கையைத் தொங்கவிட்டு எழுந்தால் அசைவின் பாதிப் பயன் அங்கேயே போய்விடும். முதுகெலும்புத் தட்டு விலகல் உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணழுத்தம் உள்ளவர்கள் தலையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். கை முழங்காலில் நின்றால் போதும்.

மார்ச் 10, காலை 7.00

மூச்சு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விதி எளிது. எழும்போதும் திறக்கும்போதும் உள்ளே, இறங்கும்போதும் மூடும்போதும் வெளியே.

மார்ச் 10, இரவு 8.30

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். விதி சரிதான், ஆனால் புதியவர்கள் முதல் மூன்று நான்கு வாரம் அந்த விதியை மறந்துவிடுவது நல்லது. அசைவு மனப்பாடம் ஆகாத ஆள் மூச்சையும் சேர்த்து ஓட்டப் போனால், கை மேலே போய்ச் சேரும் வரை மூச்சை அடக்கி வைப்பார். தலை சுற்றும், நெஞ்சு இறுகும். பிறகு பயிற்சியின் மேல் பழி. மூக்கால் இயல்பாக மூச்சு விடுங்கள். அசைவு பழகிய பிறகு மூச்சு தானே வந்து பொருந்தும். விழாவிலும் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

மார்ச் 13, இரவு 9.20 (கேள்வி கேட்டவர்)

அண்ணா, ஒத்துக்கொள்கிறேன், தொடை எரிகிறது. அடுத்த சந்தேகம். விழாவில் வேறு எந்தப் பழக்கத்தைக் காட்டலாம்? இங்கே எதற்கெடுத்தாலும் வெந்நீர் குடி என்கிறார்கள். காய்ச்சலா, வெந்நீர். வயிற்று வலியா, வெந்நீர்.

மார்ச் 14, காலை 6.40

வெந்நீர் நல்ல தேர்வு, ஏனென்றால் அதன் கதை பலருக்குத் தெரியாது. தேநீர் நாடு என்பதால் சூடான நீர் பழமையானதுதான். ஆனால் வீடு, பள்ளி, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலும் கொதித்த நீர் என்பது 1952இல் தொடங்கிய தேசபக்த சுகாதார இயக்கத்தோடு பரவியது. அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதுதான் நோக்கம். கொதிக்க வை, பிறகு குடி. வண்ணப் பூப் போட்ட வெந்நீர்க் குடுவைகள் கல்யாணச் சீரில் இடம்பிடித்தன. ரயில் பெட்டிகளில் இன்றும் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. காதலிக்கு எது நேர்ந்தாலும் வெந்நீர் நிறையக் குடி என்று மட்டும் சொல்கிற காதலனைக் கிண்டலடிக்கும் வழக்கம் இளைஞர்களிடம் பெரும் புகழ். விழாவில் அதைச் சொன்னால் சீன மாணவர்களே முதலில் சிரிப்பார்கள்.

இப்போது அளவு. கிருமியைக் கொல்வது கொதிக்கும்போதுதான், குடிக்கும்போது இருக்கும் சூடு அல்ல. கொதித்து ஆறிய நீரும் அதே அளவு பாதுகாப்பு. அதற்கு லியாங்பாய்காய் என்று பெயரே உண்டு. நாக்கு சுடும் நீரைக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் சேர்த்திருக்கிறது. நல்ல எஃகுக் குடுவை பல மணி நேரம் அந்தச் சூட்டுக்கு மேலேயே வைத்திருக்கும். அதனால் குடுவையிலிருந்து நேராக வாயில் ஊற்றாமல் மூடியிலோ கோப்பையிலோ ஊற்றி ஐந்து நிமிஷம் விட்டுக் குடியுங்கள்.

மார்ச் 14, இரவு 10.05

குடுவை என்றதும், அதில் போட்டு ஊறவைக்கும் கோஜி என்ற சின்னச் சிவப்பு உலர்பழம் நினைவுக்கு வருகிறது. 2017இல் ஹெய்பாவ் என்ற பழைய ராக் இசைக்குழுவின் டிரம்மர் கையில் வெந்நீர்க் குடுவையோடு இருக்கும் படம் இணையத்தில் பரவியது. குடுவைக்குள் கோஜி என்பது நடுத்தர வயதின் அடையாளமாக ஆனது அந்தக் கிண்டலில்தான். பிறகு இளைஞர்களே அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். விடிய விடிய விழித்திருந்துவிட்டு முகத்துக்குப் பூச்சு, பியரில் கோஜி. இதற்குப் பங்க் யாங்ஷெங் என்று பெயர். யாங்ஷெங் என்றால் உயிரைப் பேணுதல், அந்தப் பழைய சொல்லுக்கு முன்னால் முரட்டு ராக் இசை வகையின் பெயரான பங்க் ஒட்டிக்கொண்டது.

கோஜிக்குப் பெயர் பெற்ற ஊர் நிங்சியாவின் ஜுங்நிங். நாளுக்கு 10 கிராம், ஒரு சின்னப் பிடி. கழுவிவிட்டு வெந்நீரில் 10 நிமிஷம் ஊறவைத்து, பழத்தையும் மென்று தின்ன வேண்டும், கண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படும் நிறமிகளில் பெரும் பகுதி நீரில் இறங்காது. பளபளவென்று ஒரே சிவப்பாக இருந்தால் வாங்காதீர்கள், கந்தகப் புகை போட்டிருக்க வாய்ப்பு உண்டு. மோந்து பார்த்தால் மூக்கைக் குத்தும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது, இரத்தக் கசிவு வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மேடையில் கோஜி கொடுப்பதாக இருந்தால் இதை எழுதி ஒட்டுங்கள்.

மார்ச் 18, இரவு 9.00

கால் ஊறவைப்பது, பாவ்ஜியாவ். கல்லூரி விடுதிகளில் மறுபடி பரவியிருக்கும் பழக்கம். பிளாஸ்டிக் வாளி போதும், ஆனால் உயரமானதாக வாங்குங்கள். கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் வரை நீர் வர வேண்டும். சூடு 40 டிகிரி, கூடினால் 42. நேரம் 15 முதல் 20 நிமிஷம். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு செய்தால் பலன் அதிகம். பாதத்தின் இரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பின் உள்சூடு வெளியே போகும், உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வரும். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

நெற்றி லேசாக ஈரமானால் நிறுத்திவிடுங்கள். வியர்த்துக் கொட்டும் வரை ஊறவைப்பது தவறு, எழும்போது கண் இருட்டிக்கொண்டு வரும்.

வெந்நீரைச் சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிட்டு ஊற்றிக் கலக்குங்கள். நீரிழிவு உள்ள பெற்றோருக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும் முன் நூறு தடவை யோசியுங்கள். காலில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. 45 டிகிரியிலேயே, நேரம் நீண்டால், தோல் வெந்துபோகும். அவர்களுக்கு வெப்பமானி வைத்து 37 டிகிரி, 10 நிமிஷம், அதுவும் மருத்துவரைக் கேட்டு.

மார்ச் 19, காலை 7.15

மதியத் தூக்கத்தை விட்டுவிட்டேன். சீனக் கல்லூரிகளில் மதியம் சாப்பிட்டதும் தூங்குவதை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. 20 நிமிஷம், மிஞ்சினால் 30. அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்புவது போல் ஆகி ஒரு மணி நேரம் தலை கனக்கும். மேஜையில் கையை மடித்து நெற்றியை வைத்துத் தூங்கினால் முன்கை மரத்துப்போகும், கண்விழியும் அழுந்தும். நடுவில் ஓட்டை உள்ள தலையணை விற்கிறார்கள், இல்லாவிட்டால் நாற்காலியில் சாய்ந்து கழுத்துக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வையுங்கள்.

மார்ச் 22, காலை 8.10

காலை உணவு பற்றிக் கேட்டவர்களுக்கு. வடசீனத்தில் காலையிலும் இரவிலும் குடிக்கும் சியாவ்மி கஞ்சி வேறு ஒன்றும் இல்லை, நம் தினைதான். அதே பயிர். வடசீனத்தில்தான் அது முதலில் வீட்டுப் பயிரானது, எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் படித்தவர்களுக்கு அந்தக் கஞ்சிக் கிண்ணம் அந்நியமாகவே தெரியாது.

100 கிராம் தினைக்கு 1.2 லிட்டர் நீர். ஒரு தடவை மட்டும் அலசுங்கள், தேய்த்துக் கழுவாதீர்கள், சத்து நீரோடு போகும். நீர் கொதித்த பிறகே தினையைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் அடியில் கட்டியாகப் பிடிக்கும். முதல் 5 நிமிஷம் பெரிய தீ, கிளறிக்கொண்டே இருங்கள். பிறகு தீயைக் குறைத்து 25 நிமிஷம், மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழியும். நிறுத்திப் 10 நிமிஷம் விட்டால் மேலே மெல்லிய ஏடு படியும். அதற்கு மியோவ் என்று பெயர், தானிய எண்ணெய் என்று பொருள். அதை எடுத்து வீட்டில் உடம்பு முடியாதவருக்குக் கொடுப்பார்கள். சீக்கிரம் குழையட்டும் என்று சிலர் சோடா போடுவார்கள், அது தயமின் சத்தை அழித்துவிடும், வேண்டாம். கஞ்சி மட்டும் குடித்தால் பத்து மணிக்குப் பசிக்கும், கூடவே ஒரு அவித்த முட்டை.

ஏப்ரல் 2, இரவு 9.45 (கேள்வி கேட்டவர்)

40 பேர் வருகிறார்கள். 40 நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். எட்டையும் கற்றுக்கொடுக்க முடியுமா?

ஏப்ரல் 3, காலை 6.30

முடியாது. நான்கு மட்டும்.

எட்டாவதில் தொடங்குங்கள், எல்லாராலும் உடனே முடியும், கூச்சம் போகும். பிறகு முதலாவது. பிறகு ஒற்றைக் கை. கடைசியில் முஷ்டி, ஏனென்றால் முறைத்துப் பார்க்கச் சொன்னால் அரங்கு கலகலப்பாகிவிடும். ஐந்தாவதைத் தொடவே வேண்டாம். குதிரை நிலையில் உட்கார்ந்து தலை ஒரு பக்கமும் வால் எலும்பு எதிர்ப்பக்கமுமாகச் சுழல்வது அது. புதியவர்கள் கையைத் தொடையில் ஊன்றி முழு எடையையும் போடுவார்கள், கழுத்தை இறுக்கிச் சுழற்றுவார்கள், சிலருக்கு மயக்கம் வரும்.

கூட்டத்துக்கு முகம் காட்டி நின்று கற்றுக்கொடுக்காதீர்கள். உங்கள் இடது அவர்களுக்கு வலமாகத் தெரியும், பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் போவார்கள். முதுகைக் காட்டி நில்லுங்கள், இன்னொருவர் கூட்டத்துக்குள் நடந்து திருத்தட்டும். கையை விரித்தால் பக்கத்தில் இருப்பவரைத் தொடாத இடைவெளி வேண்டும், 40 பேருக்கு ஒரு கூடைப்பந்து மைதானத்தின் பாதி போதும். தட்டையான அடிப்பகுதி உள்ள காலணி வேண்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கட்டும். ஒவ்வொரு அசைவுக்கும் முதலில் பெயரை ஏழு எழுத்தாகச் சீனத்தில் சொல்லி எல்லாரையும் திருப்பிச் சொல்ல வையுங்கள். அதற்கு அரை நிமிஷம். அசைவுக்கு ஐந்து நிமிஷம். மீதியில் நான்கையும் சேர்த்து இரண்டு முறை.

ஏப்ரல் 3, மாலை 6.00

ஏப்ரல் 20ஐ ஒட்டிக் குயூ வருகிறது, தானிய மழை. வருஷத்தை 24 பருவங்களாகப் பிரிக்கும் சீனக் கணக்கில் வசந்தத்தின் கடைசிப் பருவம். அந்தக் கணக்கு 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உங்கள் விழா அந்தப் பருவத்தில்தான் விழுகிறது, அறிவிப்புப் பலகையில் குயூ என்று பெரிதாக எழுதுங்கள். பார்க்கிற சீன ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஏப்ரல் 11, இரவு 10.30 (வேறொரு வாசகர்)

எட்டாவதுக்குப் பிறகு எனக்குத் தலை அதிர்கிறது. கீழ் வீட்டுக்காரரும் புகார் சொல்கிறார்.

ஏப்ரல் 12, காலை 6.45

குதிகாலை அப்படியே போட்டு உடைக்கிறீர்கள். பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். பாதவிரல்கள் தரையைப் பற்ற, குதிகாலை உயரத் தூக்கி, உச்சந்தலை மேலே இழுபடுவது போல் இரண்டு நொடி. கண் எதிரே உள்ள ஒரு புள்ளியில் நிலைத்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஆடுவீர்கள். இறங்குவது இரண்டு கட்டம். முதல் பாதி மெதுவாக, தசையின் பிடியில். கடைசி ஓர் அங்குலம் மட்டும் விட்டுவிடுங்கள். பல் லேசாகச் சேர்ந்திருக்கட்டும், தட்டிக்கொள்ளக் கூடாது. அதிர்வு இடுப்பு வரை வந்து கரைந்தால் சரி, மண்டையில் தெரிந்தால் அதிகம். எலும்புத் தேய்வு உள்ளவர்கள் கடைசி அங்குலத்தையும் மெதுவாகவே இறக்கட்டும். கீழ் வீட்டுக்கும் அதே மருந்து, அல்லது புல்தரை.

ஏப்ரல் 19, இரவு 11.10

ஒன்று எழுத மறந்துவிட்டேன், கேட்டவர் விழாவுக்கு முன் பார்க்கட்டும். எட்டாவது முடிந்ததும் கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள். முடிவு நிலை இருக்கிறது. இரண்டு கையையும் பக்கவாட்டில் 45 டிகிரி விரித்து, மடக்கிக் கொண்டுவந்து, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை மேல் உள்ளங்கையாக வைக்க வேண்டும். ஆணுக்கு இடது கை உள்ளே, பெண்ணுக்கு வலது கை உள்ளே. இயல்பாக மூச்சு விட்டபடி சற்று நில்லுங்கள். பிறகு கைகளைத் தொடையோரம் தொங்கவிடுங்கள். ஒலிபெருக்கியை நிறுத்துபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் இசை சட்டென்று நின்றால் 40 பேரும் கண்ணைத் திறந்து அவரைப் பார்ப்பார்கள்.